ஆறிய வெடிப்பு: ஒரு வாய்க்கால் மூடி முறிந்த விதம்

முறிந்த பொருள், கிணற்றடி வாய்க்காலின் மேல் கிடந்த ஒரு சீமெந்துப் பலகை. நீளம் 75 சென்ரிமீற்றர், அகலம் 30, தடிப்பு 3. உள்ளே கம்பி கிடையாது. அடிப்பக்கத்தில் நீளவாட்டில் இரண்டு படையாகச் சீவிப் பரப்பிய பனந்தும்பு மட்டும் இருந்தது. முறிந்தது மார்கழியில், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை. முறித்தவன் நான், கையில் ஒரு வாளித் தண்ணீருடன். கணுக்கால் வரை வாய்க்காலுக்குள் போனதைத் தவிர வேறு சேதம் இல்லை.

அதே பலகை பங்குனி மாதத்தில் 110 கிலோ மணலைச் சுமந்தது. அப்போது அதன் அடிவயிற்றில் ஆறு வெடிப்புகள் இருந்தன; வளைந்தது, முறியவில்லை. மார்கழியில் வெடிப்பு ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தட்டினால் புதுப் பலகை போலக் கணீரென்றது. அந்த நிலையில்தான், நானும் வாளியும் சேர்ந்து 80 கிலோ வரும் ஒரு பாரத்துக்கு, ஒரே ஓசையுடன் இரண்டாகப் போனது. வெடித்திருந்தபோது தாங்கியது ஆறிய பின் ஏன் தாங்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. பொறியியற் பொருட்கள் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். வகுப்பில் சிலிக்கன் காபைட்டு இழைகள் இட்ட செரமிக் கூட்டுப்பொருள் எப்படிப் பழுதடைகிறது என்று பல ஆண்டுகள் படம் கீறிக் காட்டியிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் என் வீட்டுக் கொல்லையிலேயே அந்தப் படம் நடந்து முடியும் என்று எதிர்பார்க்கவில்லை.

தொடக்கம் இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடி. கம்பி விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்த காலம். மேசன் அண்ணைதான் தும்பைச் சொன்னார். அவருடைய தகப்பனார் மண்சுவருக்கு வைக்கோல் மிதித்துக் குழைத்தவர். அடுப்புப் போட மண் பிசையும்போது உமி சேர்க்காத வீடு அந்தக் காலத்தில் இல்லை. தும்புத்தடி செய்கிற தும்பைப் பலகைக்குள் வைத்தால் என்ன என்று கேட்டார். கேள்வி நியாயமானது. உடையும் குணமுள்ள ஒன்றுக்குள் நாரை வைத்து அதன் குணத்தை மாற்றுவது என்பது ஒரே தத்துவம்தான். ஒரு முனையில் வைக்கோல் இட்ட மண்சுவர், மறு முனையில் விமான இயந்திரத்துக்குள் வைக்கும் செரமிக்.

2023 தை மாதத்தில் மூன்று வகையாக, வகைக்கு இரண்டு வீதம், ஆறு பலகைகள் வார்த்தோம். முதல் வகை வெறும் சாந்து. இரண்டாவது, கழுவி உலர்த்திய தும்பு. மூன்றாவது, மண்ணெண்ணெயில் கரைத்த மெழுகுதிரி மெழுகில் தோய்த்து உலர்த்திய தும்பு. மூன்றாவதைக் கண்டதும் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

“மெழுகு பூசிய தும்பைச் சீமெந்து எப்படிப் பிடிக்கும், மாஸ்டர்?”

“முழுதாகப் பிடிக்கக் கூடாது, அண்ணை. கொஞ்சம் வழுக்க வேண்டும்.”

படித்தவர்களோடு வேலை செய்தால் இப்படித்தான் என்ற முகத்தோடு குழைக்கத் தொடங்கினார். வார்த்ததை ஈரச் சாக்குப் போட்டு 28 நாள் மூடி வைத்தோம்.

அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். செரமிக்கும் சீமெந்தும் அழுத்தத்தில் வலியவை, இழுவையில் எளியவை. உள்ளே இருக்கும் மிகச் சிறிய கீறலின் நுனியில் தகைப்பு, அதாவது ஓரலகுப் பரப்பு சுமக்கும் விசை, குவிகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் கீறல் ஓடத் தொடங்கி, மறுபக்கம் வந்துதான் நிற்கும். இதைக் கணக்காக்கியவர் பிரித்தானியப் பொறியியலாளர் கிரிஃபித், 1921 இல். அதே ஆய்வில், கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்க இழுக்க அதன் வலிமை ஏறுவதையும் காட்டினார். மெல்லிய இழைக்குள் பெரிய குறைக்கு இடம் இல்லை. ஆகவே வலிமையான இழைகளை உடையும் தாய்ப்பொருளுக்குள் வைக்கிறோம். ஆனால் இழையும் தாய்ப்பொருளும் ஒன்றோடொன்று உருகிப் பிணைந்துவிட்டால் ஓடி வரும் வெடிப்புக்கு அவை இரண்டும் ஒரே பொருள்தான்; இழையையும் அறுத்துக்கொண்டு போய்விடும். இழையின் தோலில் ஒரு பலவீனம் இருந்தால் மட்டுமே வெடிப்பு அங்கே திரும்பி, இழை நீளத்துக்கு ஓடித் தன் சக்தியைச் செலவழிக்கும். எவ்வளவு பலவீனம் வேண்டும் என்பதை 1989 இல் ஹீ, ஹட்சின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கணித்தார்கள். இரு பொருட்களின் விறைப்பும் ஒத்திருந்தால், பிணைப்பைப் பிரிக்கத் தேவையான சக்தி இழையை அறுக்கத் தேவையான சக்தியின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும்.

விமான இயந்திரச் செரமிக்கில் என் மெழுகின் வேலையைச் செய்வது இழையைச் சுற்றிய ஒரு பூச்சு. இழை 10 முதல் 15 மைக்கிரோமீற்றர் விட்டம். தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லியது. பூச்சின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மைக்கிரோமீற்றருக்கும் குறைவு. காபனாலோ போரன் நைத்திரைட்டாலோ ஆனது. அந்த இழைக்கு வழி திறந்தவர் யப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செயிஷி யஜிமா. 1975 இல் சிலிக்கன் கொண்ட பல்பகுதியம் (பொலிமர்) ஒன்றை நூலாக்கிச் சுட்டுச் சிலிக்கன் காபைட்டு இழையாக மாற்றினார். 2016 இல் சேவைக்கு வந்த லீப் என்ற விமான இயந்திரத்தில், சுழலித் தகடுகளைச் சுற்றி அமையும் வளையத் துண்டுகள் இந்தக் கூட்டுப்பொருளால் ஆனவை. எங்கள் பலாலி விமான நிலையத்துக்கு வரும் சுழல்விசிறி விமானங்களில் இதைத் தேட வேண்டாம்.

இனிப் பாரச் சோதனை. 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கொங்கிறீற்றுக் கற்கள், அவற்றின் மேல் பலகை, பலகையின் நடுவில் குறுக்காக ஒரு மரச்சட்டம், சட்டத்தின் மேல் ஒவ்வொன்றாகப் பத்துக் கிலோ மணல் மூட்டைகள். மூட்டைகளைச் சந்திக் கடைத் தராசில் நிறுத்துக் கட்டினோம். விளையாட்டுச் சாமான்களில் சத்தம் எழுப்பும், அதிர்ந்தால் மின் தரும் பித்தளைப் பீசோத் தகடு ஒன்றைப் பலகையில் ஒட்டி, அதன் வயரைக் கைபேசியின் ஒலிப்பதிவுக்குக் கொடுத்தேன். ஆய்வுகூடத்தில் இதற்கு விலையுயர்ந்த கருவி உண்டு. கேட்பது இரண்டிலும் ஒன்றே: பொருளுக்குள் ஏதாவது அறும்போது புறப்படும் அதிர்வு.

வெறும் சாந்துப் பலகைக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. ஒன்பதாவது மூட்டைக்கு முறிந்தது; அதற்கு முன் பதிவில் எதுவும் இல்லை.

வெறும் தும்புப் பலகை எட்டாவது மூட்டையில் முதல் ‘டிக்’கைத் தந்தது. அண்ணை பின்னுக்குப் பாய்ந்தார். பலகை அசையவில்லை. ஒன்பதில் இன்னும் இரண்டு ஒலிகள், பத்தில் இரண்டு, பதினொன்றில் ஒன்று. அத்துடன் நிறுத்தி, இறக்கித் திருப்பிப் போட்டேன். காய்ந்த பலகையில் எதுவும் தெரியவில்லை. துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். மேற்பரப்பு காயக் காய, வெடிப்புகள் மட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நீலக் கோடுகளாக எழுந்து வந்தன. ஆறு கோடுகள், எல்லாம் நடுப்பகுதியில், ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, அடிமட்டம் வைத்துக் கீறியது போல.

இந்த ஒழுங்கு தற்செயல் அல்ல. இதுவே இந்தப் பொருட்களின் கையெழுத்து. ஓரிடத்தில் சாந்து வெடித்ததும் அந்த வெட்டுமுகத்தில் முழுப் பாரமும் தும்பின் தலையில் விழுகிறது. வெடிப்பிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, தும்பு தன் தோலின் உராய்வு வழியே பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாந்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சாந்து மீண்டும் தன் முறிவுத் தகைப்பை எட்ட ஒரு குறித்த தூரம் வேண்டும். அந்தத் தூரத்துக்குள் அடுத்த வெடிப்பு வர முடியாது; அதைத் தாண்டினால் வரலாம். எனவே வெடிப்புகளின் இடைவெளி அந்தத் தூரத்துக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையில் வந்து அடங்குகிறது. சராசரி ஏறத்தாழ 1.34 மடங்கு. இந்தக் கணக்கின் அடிப்படையை 1971 இல் தந்தவர்கள் அவெஸ்டன், கூப்பர், கெல்லி என்ற ஆய்வாளர்கள். அதன் பயன் பெரிது: உராய்வு கூடினால் இடைவெளி குறையும், குறைந்தால் கூடும். அடிமட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்கவே முடியாத இழைத்தோலின் பிடியை அளந்துவிடலாம்.

மெழுகுத் தும்புப் பலகை அதைக் காட்டியது. அதே பதினொரு மூட்டைக்கு மூன்றே கோடுகள், இடைவெளி ஆறு ஏழு சென்ரிமீற்றர். ஒவ்வொரு கோடும் அகலம் கூடியது; பலகையின் தொய்வும் கூடுதல். அண்ணையின் வாதம் சரியாகவே இருந்தது: மெழுகு பிடியைக் குறைத்திருக்கிறது. ஒவ்வொரு வகையிலும் ஒரு பலகையை முறியும்வரை ஏற்றினோம். வெறும் தும்பு 14 மூட்டை வரை போனது. கடைசியில் தாளிதச் சட்டியில் கடுகு வெடிப்பது போல ஒலி தொடர்ந்து வந்தது. அது தும்பு ஒவ்வொன்றாக அறும் சத்தம். எல்லா நாருக்கும் ஒரே வலிமை கிடையாது. எளியது முதலில் போக, அதன் பங்கை மற்றவை ஏற்கும், ஏற்க முடியாத கட்டம் வரும்வரை. மெழுகுத் தும்பு 12 மூட்டையில் படுத்துவிட்டது; ஆனால் இரண்டாகவில்லை, பாய் போல மடிந்து கிடந்தது. முறிந்த வெறும் தும்புப் பலகையின் விளிம்பில் தும்புகள் ஒன்று, இரண்டு சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அந்தத் துண்டை எடுத்து வைத்தது பின்னால் உதவியது.

இன்னொரு சோதனையையும் செய்தோம். பதினொரு மூட்டை சுமந்து ஆறு கோடு கண்ட பலகையை மறுநாள் மறுபடி ஏற்றினோம். ஒன்பது மூட்டை வரை பதிவில் அமைதி. முன்பு சுமந்த பாரத்தைக் கிட்டும்வரை பழுதடைந்த பொருள் புதிதாக ஒலி தராது என்பதை 1950 இல் ஜேர்மனியின் ஜோசப் கைசர் கண்டார். பொருள் தான் பட்ட அதிஉயர் பாரத்தை நினைவில் வைத்திருக்கிறது. பாரத்தை எடுத்தபின் பலகை மூன்று மில்லிமீற்றர் தொய்வோடு நின்றது. வெடிப்புகள் முழுதாக மூடவில்லை. வழுக்கிய தும்பு பழைய இடத்துக்குத் திரும்ப உராய்வு விடவில்லை.

சிலிக்கன் காபைட்டுக் கூட்டுப்பொருளில் வரிசை ஏறத்தாழ இதுதான். துணி போல நெய்த இழைக்கட்டுகளில், பாரத்துக்குக் குறுக்காகக் கிடக்கும் கட்டுகளிலும் இடையிலுள்ள துளைகளிலும் முதல் வெடிப்புகள் பிறக்கின்றன. அவை வளர்ந்து பாரத்தின் திசையிலுள்ள கட்டுகளை அடைந்து, பூச்சில் திரும்புகின்றன. பெருகி, நிரம்பி, நிற்கின்றன. அதன்பின் இழைகளே சுமக்கின்றன. வெறும் செரமிக் 0.1 சதவீத விகாரத்தில் (நீட்சியில்) முறியும் இடத்தில் இது அரைச் சதவீதம் அளவுக்குப் போகும். ஒப்புமையை இழுக்கக் கூடாத இடங்களும் உண்டு. பனந்தும்பு சாந்தை விட மிக நெகிழ்வானது, சிலிக்கன் காபைட்டு இழையோ தாய்ப்பொருளுக்குக் கிட்டிய விறைப்புள்ளது. என் பலகை வளைந்தது, ஆய்வுகூட மாதிரிகளை நேரே இழுக்கிறார்கள்.

பங்குனிச் சோதனையின் முடிவில் வெறும் தும்பே வென்றது என்று கொப்பியில் எழுதினேன். வாய்க்காலில் ஆட்கள் அதிகம் மிதிக்கும் இடத்துக்கு, ஆறு கோடு கண்ட அந்தப் பலகையையே போட்டேன். மெழுகுப் பலகைக்கு ஓரத்து இடம். என் முதல் பிழை அது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மேலே மழை, கீழே சவர்க்காரத் தண்ணீர். கிணற்று நீரோ சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது, கேத்தலின் அடியில் வெள்ளை படிய வைப்பது. கார்த்திகையில் ஒருநாள் பலகையைப் புரட்டிப் பார்த்தால் நீலக் கோடுகள் இருந்த இடத்தில் மெல்லிய வெள்ளைத் தழும்புகள். அண்ணை சுத்தியல் காம்பால் தட்டினார். பங்குனியில் மொத்தென்று கேட்டது இப்போது கணீரென்றது.

“வெடிப்பு ஆறிவிட்டது, மாஸ்டர்.”

சீமெந்தில் இது அறிந்த விடயம். நீர் புகுந்த மெல்லிய வெடிப்பில், மிஞ்சிய கல்சியம் ஐதரொட்சைட்டு கரைந்து, காற்றின் காபனீரொட்சைட்டோடு சேர்ந்து கல்சியம் காபனேற்றாகப் படியும். வெடிப்பு தானே அடைபடும். நான் மகிழ்ந்துபோய், ‘தானாக ஆறியது, விறைப்பு மீண்டது’ என்று அடிக்கோடிட்டு எழுதினேன். இரண்டாவது பிழை. பலகையை மறுபடி ஏற்றிப் பார்க்கும் எண்ணமே வரவில்லை. நல்ல செய்தியை யார் சோதிக்கிறார்கள்?

மார்கழியில் முறிந்த துண்டுகளை அன்று பிற்பகலே மேசையில் வைத்துப் பார்த்தேன். முறிவு நான்காவது பழைய கோட்டின் வழியே நேராகப் போயிருந்தது. மற்ற ஐந்து கோடுகளில் ஒன்றாவது திறந்திருக்கிறதா என்று நீலம் தடவினேன், இல்லை. பங்குனியில் ஆறு இடத்தில் பகிர்ந்த வேலை மார்கழியில் ஓரிடத்தில் முடிந்திருக்கிறது. முறிவு முகத்தில் தும்பு நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கத்தரிக்கோலால் வெட்டியது போல முகத்தோடு முகமாக அறுந்திருந்தது. மிகவும் நீண்டது இரண்டு மில்லிமீற்றர் இருக்கலாம். பங்குனித் துண்டைப் பக்கத்தில் வைத்தபோது ஒன்று தும்புத்தடி போலவும் மற்றது சவரம் செய்த முகம் போலவும் இருந்தது. குறட்டால் ஒரு தும்பை இழுத்தேன். வரவில்லை, கருகிய விளக்குத்திரி போலப் பொடிந்தது. அதைச் சுற்றி வெள்ளை ஓடு. தேசிக்காய்ச் சாறு விட்டேன், நுரைத்தது. பலகையின் பழைய மேற்பரப்பும் தேசிக்காய்க்கு நுரைக்கும் என்பதால் அதை மட்டும் சாட்சியாகக் கொள்ள முடியாது. பொடிந்த தும்புதான் பெரிய சாட்சி.

நடந்தது இரண்டு வேலை, இரண்டும் வெடிப்பு வழியே உள்ளே போன தண்ணீரால். சீமெந்தின் துளை நீர் கடும் காரம். அது தாவர நாரின் பிணைப்புப் பொருட்களைக் கரைக்கிறது, கல்சிய உப்பு நாரின் உட்கலங்களில் குடியேறுகிறது. நார் கல்லாகி நொறுங்கும் குணம் பெறுகிறது. கூடவே, நாருக்கும் சாந்துக்கும் இடையே வழுக்குவதற்கு இருந்த இடைவெளி படிவால் நிரம்புகிறது. வழுக்கல் போனதும் அடுத்த வெடிப்புக்குத் திரும்ப இடமில்லை. நாங்கள் கேட்ட கணீர் ஒலியும் நான் எழுதி வைத்த விறைப்பும் பொய்யல்ல. நாரும் சாந்தும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டதன் அடையாளம் அது. இந்தப் பொருள் ஒருபோதும் அடையக் கூடாத நிலையும் அதுவே.

விமானச் செரமிக்கில் தண்ணீரின் இடத்தில் சூடான காற்று. தாய்ப்பொருள் வெடித்ததும் ஒட்சிசன் வெடிப்பு வழியே இழைவரை போகிறது. காபன் பூச்சு 500 பாகை செல்சியஸ் அளவிலிருந்து எரியத் தொடங்கும். பூச்சு எரிந்த இடைவெளியில் சிலிக்கன் காபைட்டு ஒட்சியேறிச் சிலிக்காக் கண்ணாடியாகி, இழையையும் தாய்ப்பொருளையும் ஒட்டிவிடுகிறது. வெடிப்பு நிரம்பும், பிடி இறுகும், இழுபட்டு நீளும் இழைகள் மறையும், முறிவு முகம் தட்டையாகும். விசித்திரம் என்னவென்றால் மிகப் பொல்லாதது உச்ச வெப்பநிலை அல்ல, 600 முதல் 900 பாகை வரையுள்ள நடுத்தர வெப்பம். அதற்கு மேலே சிலிக்கா வேகமாக வளர்ந்து வெடிப்பின் வாயையே அடைத்துவிடும். உள்ளே காற்றுப் போகாது. நடுத்தர வெப்பத்தில் வாய் திறந்தே கிடக்க, உள்ளே எரிவு மெல்ல நடக்கிறது. வாய் அடைபடுவது நன்மை, இழைத்தோல் ஒட்டுவது தீமை. கார்த்திகையில் நான் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டேன். போரன் நைத்திரைட்டுப் பூச்சு காபனை விடத் தாக்குப்பிடிக்கும், ஆனால் நீராவிக்கு அதுவும் அஞ்சும். அதனால்தான் இயந்திர வடிவமைப்பாளர்கள், முறியும் தகைப்பு எவ்வளவு உயர்வாக இருந்தாலும், தாய்ப்பொருள் முதலில் வெடிக்கும் தகைப்புக்குக் கீழேயே நீண்டகாலப் பாரத்தை வைக்கிறார்கள். நான் வெடிக்க வைத்த பலகையை மழையில் போட்டேன்.

மெழுகுப் பலகையை மாசியில் மறுபடி ஏற்றினேன். ஒன்பதாவது மூட்டையில் முதல் ஒலி. பழைய நினைவு பெரும்பாலும் அப்படியே. மூன்று கோடுகளும் நீலத்தில் எழுந்து வந்தன, ஆறவில்லை. ஓரத்தில் உடைத்துப் பார்த்த ஒரு தும்பு இன்னும் முழுதாக வழுக்கி வந்தது. மெழுகு பிடியைக் குறைத்ததோடு காரத்தையும் தடுத்திருக்கிறது. பங்குனிப் போட்டியில் தோற்றதும் மழையைத் தாண்டியதும் ஒரே காரணத்தால். ஒரு மழைக்காலம், வகைக்கு ஒரு பலகை என்பது சிறிய சாட்சிதான். அடுத்த வார்ப்பில் சீமெந்தின் ஒரு பங்குக்குப் பதிலாக உமிச்சாம்பல் சேர்க்கப் போகிறோம். அது கல்சியம் ஐதரொட்சைட்டைத் தின்று காரத்தைக் குறைக்கும். அடுப்புக்கு உமி சேர்த்த கதையை அண்ணை மறுபடி சொல்லத் தொடங்கிவிட்டார்.

இப்போது மிதிபடும் இடத்தில் கிடப்பது மெழுகுப் பலகை. மூன்று வெடிப்புகளின் பக்கத்திலும் பென்சிலால் திகதி எழுதியிருக்கிறேன். இந்த வெடித்த மூடியை எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். அந்தக் கோடுகளில் ஒன்று மறைகிற அன்றைக்கு என்றேன்.